அழாத குழந்தைதான் முதலில்! குழந்தைகள் எமர்ஜென்சியில் மாறிவரும் பழக்கங்கள்

ஞாயிற்றுக்கிழமை இரவு 10 மணி. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என மேற்குப் புறநகரில் எந்த மருத்துவமனை வாசலில் வேண்டுமானாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். வழக்கமாகக் காட்டும் குழந்தை டாக்டரின் கிளினிக் மூடியிருக்கிறது. ஓர் அப்பா, சைக்கிளிலிருந்து விழுந்து நெற்றியில் ரத்தம் வழியும் 5 வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார். பையன் போடும் சத்தத்தில் கட்டடமே அதிர்கிறது. அவருக்கு முன்பே வந்து ஓ.பி. சீட்டுக்காக வரிசையில் நிற்கும் ஓர் அம்மாவின் தோளில் 1 வயதுக் குழந்தை சாய்ந்திருக்கிறது. மூன்று நாளாகக் காய்ச்சல். இப்போது அழவில்லை. 'தூங்குது' என்கிறார் அம்மா.

இந்த இருவரில் யாரை முதலில் உள்ளே அனுப்ப வேண்டும்?

வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் ரத்தத்தைப் பார்த்துத்தான் வழி விடுவார்கள். மனித இயல்பு அது. ஆனால், குழந்தைகளுக்கான அவசர சிகிச்சை மருத்துவம் சொல்லும் பதில் வேறு. அவ்வளவு சத்தம் போட்டு அழ முடிகிறது என்றால், அந்தப் பையனின் மூளை, நுரையீரல், ரத்த ஓட்டம் மூன்றும் அந்த நேரத்தில் ஓரளவு சரியாகவே வேலை செய்கின்றன. நெற்றியில் சுத்தமான துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவன் கொஞ்சம் காத்திருக்கலாம். தோளில் சாய்ந்திருக்கும் குழந்தை தூங்குகிறதா, சுருண்டுவிட்டதா என்பதைத்தான் யாராவது உடனே பார்க்க வேண்டும்.

குழந்தைகள் எமர்ஜென்சியில் 'புதிய சிகிச்சை' என்றால் விலை உயர்ந்த மெஷின் எதுவோ வந்திருக்கிறது என்றுதான் நினைக்கத் தோன்றும். கடந்த 20, 25 ஆண்டுகளில் உலகம் முழுக்கக் குழந்தைகளின் உயிரைக் காப்பாற்றிய மாற்றங்களைத் தேடிப் படித்தால், பாதிக்கு மேல் மெஷினே இல்லாத மாற்றங்கள். யாரை முதலில் பார்ப்பது, எதை எவ்வளவு கொடுப்பது, எதைக் கொடுக்காமல் இருப்பது. இவ்வளவு எளிமையான விஷயங்கள் ஒரு மருத்துவமனையின் அன்றாடப் பழக்கமாக மாறத்தான் ஆண்டுக்கணக்கில் ஆகிறது.

மூன்று பார்வை, அரை நிமிடம்

பெரியவர்களைக் கூட்டிப்போனால் முதலில் பி.பி. பார்ப்பார்கள். குழந்தைகளிடம் பி.பி. குறைவது கடைசியில்தான் நடக்கும். நோய் முற்றும்போது குழந்தையின் உடம்பு இதயத் துடிப்பைக் கூட்டும், கை கால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்பும். இப்படியே வெகுநேரம் சமாளிக்கும். பிறகு, ஒரு கட்டத்தில் சட்டென்று கைவிட்டுவிடும். 'காலையில நல்லாத்தானே இருந்தான்' என்று பெற்றோர் சொல்வது இதனால்தான். பி.பி. மெஷின் எச்சரிப்பதற்கு முன்பே கண்ணால் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்காக அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2000-ஆம் ஆண்டு தன் பயிற்சி வகுப்புகளில் ஒரு முக்கோணத்தை அறிமுகப்படுத்தியது. தோற்றம், மூச்சு, தோலின் நிறம். குழந்தையைத் தொடாமலே, ஸ்டெதாஸ்கோப்கூட இல்லாமல், வாசலில் நின்றபடி அரை நிமிடத்தில் பார்த்துவிடக்கூடியவை.

தோற்றம் என்றால், குழந்தை நம் முகத்தைப் பார்க்கிறதா, கையில் சாவியை ஆட்டினால் பிடிக்க வருகிறதா, அம்மா தூக்கினால் சமாதானம் ஆகிறதா, இல்லை துணி மாதிரித் துவண்டு கிடக்கிறதா என்பது. மூச்சு என்றால், மூக்கு விடைக்கிறதா, விலா எலும்புக்குக் கீழே ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுகிறதா, முனகல் சத்தம் வருகிறதா என்பது. நிறம் என்றால் வெளிறல், திட்டுத் திட்டாக மாறுவது, நீலம் பாய்வது. நம் ஊர்க் குழந்தைகளுக்குத் தோலைவிட உதடு, நாக்கு, உள்ளங்கையில் இது நன்றாகத் தெரியும்.

வீட்டிலும் செய்யக்கூடிய ஒன்று, மூச்சை எண்ணுவது. குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, செல்போனில் ஒரு முழு நிமிடம் வைத்து எண்ணுங்கள். 2 மாதத்துக்குக் கீழ் 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் 1 வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால், அது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி வேகமான மூச்சு. டாக்டரிடம் 'சளி' என்று மட்டும் சொல்வதைவிட 'நிமிஷத்துக்கு 56' என்று சொன்னால் அவருக்குப் பாதி வேலை முடிந்தது.

இப்படி வாசலிலேயே தரம் பிரிப்பதால் உண்மையில் உயிர் பிழைக்கிறதா? ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் பிளான்டயர் என்ற நகரில் ஒரு பெரிய அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கே குழந்தைகளை வந்தவுடன் தரம் பிரித்து, அவசரமானவர்களுக்கு அங்கேயே சிகிச்சையைத் தொடங்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். பெரிய செலவில்லை. இடத்தை மாற்றி அமைத்தார்கள், ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அதற்கு முன், அனுமதிக்கப்பட்ட குழந்தைகளில் 100-க்கு 10 முதல் 18 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். பிறகு அது 6 முதல் 8 ஆகக் குறைந்தது. 2006-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியான கணக்கு இது.

தமிழ்நாட்டில் 'டி.ஏ.இ.ஐ.' என்று சுருக்கமாக அழைக்கப்படும் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டம் இதைத்தான் அரசு மருத்துவமனைகளுக்குக் கொண்டுவருகிறது. நோயாளி வந்தவுடன் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பது அதன் அடிப்படை. விபத்து, மாரடைப்பு, பக்கவாதம், தீக்காயம், விஷம் ஆகியவற்றோடு குழந்தைகள் அவசர சிகிச்சையும் அதில் தனிப் பிரிவு. சிவப்பு என்றால் வரிசை கிடையாது, சீட்டு கிடையாது. சிகிச்சை முதலில், பதிவு பிறகு.

எழுதும்போது எளிமையாக இருக்கிறது. நடைமுறையில், வாசலில் குழந்தையை முதலில் பார்ப்பவர் டாக்டர் இல்லை, நர்ஸ்கூட இல்லை. செக்யூரிட்டி அண்ணன். அடுத்தவர் சீட்டு போடுகிறவர். 'சீட்டு வாங்கிட்டு வாங்கம்மா' என்ற ஒரு வரியை அவர்கள் எப்போது சொல்லக் கூடாது என்பதைக் கற்றுக்கொடுக்காத வரை, உள்ளே எத்தனை கலர் போர்டு மாட்டினாலும் பயனில்லை என்பது என் எண்ணம்.

எழும்பூர் தந்த பாடம்

இந்த ஊர் மக்களுக்கு 'குழந்தை ஆஸ்பத்திரி' என்றால் எழும்பூர் ஹால்ஸ் ரோட்டில் இருக்கும் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைதான். பட்டாபிராமிலிருந்தும் திருநின்றவூரிலிருந்தும்கூட அங்கேதான் ஓடுவார்கள். அங்கே குழந்தைகளுக்கான அவசர சிகிச்சையைத் தனித் துறையாக வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் இந்துமதி சந்தானம். குழந்தைகள் அவசர சிகிச்சைக்கென்று ஒரு பயிற்சி வகுப்பையும் பாடநூலையும் உருவாக்கியவர்.

அவரும் சக மருத்துவர்களும் நடத்திய ஓர் ஆய்வு 2008-இல் சர்வதேச இதழ் ஒன்றில் வந்தது. அதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொருளைப் பற்றிய ஆய்வு அது: டிரிப்ஸ்.

கிருமித் தொற்று ரத்தத்தில் பரவி, ரத்த ஓட்டமே சரிந்துபோகும் நிலையை 'செப்டிக் ஷாக்' என்கிறார்கள். அந்த நிலையில் வரும் குழந்தைக்கு நரம்பு வழியாக வேகமாகத் திரவம் ஏற்ற வேண்டும் என்பது 1990-களிலிருந்து உலகம் முழுக்கப் பின்பற்றப்பட்ட வழி. கேள்வி, எவ்வளவு வேகமாக என்பது. எழும்பூரில் 147 குழந்தைகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு எடையில் கிலோவுக்கு 40 மில்லி வீதம் 15 நிமிடத்தில். இன்னொரு பிரிவுக்கு 20 மில்லியாகக் கொஞ்சம் நிதானமாக, தேவைப்பட்டால் ஒரு மணி நேரத்தில் 60 மில்லி வரை. முடிவில் இறப்பு விகிதத்தில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதிவேகமாக ஏற்றியதால் கூடுதல் லாபம் கிடைக்கவில்லை.

மூன்று ஆண்டு கழித்து ஆப்பிரிக்காவிலிருந்து வந்த செய்தி இன்னும் பெரிய அதிர்ச்சி. கென்யா, உகாண்டா, தான்சானியா நாடுகளில் 3,000-க்கும் அதிகமான குழந்தைகளிடம் நடந்த 'ஃபீஸ்ட்' ஆய்வு. காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குறைந்து வந்த குழந்தைகள் அவர்கள். வேகமாகத் திரவம் ஏற்றப்பட்டவர்களில் 48 மணி நேரத்துக்குள் 100-க்கு 10 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்படி ஏற்றாமல் மற்ற சிகிச்சைகளை மட்டும் கொடுத்த பிரிவில் 7 பேர். திரவம் ஏற்றுவது நல்லதா என்று பார்க்கத் தொடங்கிய ஆய்வை இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. வென்டிலேட்டர், தீவிர சிகிச்சை வசதி இல்லாத மருத்துவமனைகள் அவை. வயிற்றுப்போக்கால் நீர் வற்றி வந்த குழந்தைகள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. இந்த இரண்டையும் மறந்துவிடக் கூடாது.

அதற்குப் பிறகு உலக வழிகாட்டுதல்கள் மெல்ல மாறின. 2020-இல் வந்த சர்வதேச செப்சிஸ் வழிகாட்டுதல், தீவிர சிகிச்சை வசதி இருக்கும் இடத்துக்கு ஒரு விதி, இல்லாத இடத்துக்கு இன்னொரு விதி என்றே பிரித்துச் சொல்கிறது. வசதி இருந்தாலும் மொத்தமாகக் கொட்டக் கூடாது. கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி வரை கொடு, மறுபடி குழந்தையைப் பார், கல்லீரல் வீங்குகிறதா, நுரையீரலில் நீர் கோக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததை முடிவு செய். வசதி இல்லாத இடத்தில், பி.பி. குறையாத குழந்தைக்கு வேகமாக ஏற்றவே வேண்டாம் என்கிறது.

அதாவது, ஒரு காலத்தில் 'புதிய நல்ல பழக்கம்' என்று கற்றுக்கொடுத்ததையே 20 ஆண்டுக்குள் திருத்திக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. பழைய பாடம் படித்த டாக்டரும் புதிய பாடம் படித்த டாக்டரும் ஒரே டியூட்டி ரூமில் இருப்பார்கள். யாருடைய கை முந்தும்?

'டிரிப்ஸ் போடுங்க டாக்டர்!'

இந்த இடத்தில் பெற்றோரும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். காய்ச்சலோ வாந்தியோ, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால்தான் நமக்குத் திருப்தி. ஏற்றாமல் திருப்பி அனுப்பும் டாக்டர் 'ஒண்ணும் பண்ணலை' என்று பெயர் வாங்குவார். அடுத்த தெரு கிளினிக்கில் ஏற்றுவார்கள் என்று போய்விடுவோம். இதைத் தெரிந்தே பல இடங்களில் ஏற்றிவிடுகிறார்கள்.

வயிற்றுப்போக்கில் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஓ.ஆர்.எஸ். போதும் என்பது இந்திய மண்ணில் நிரூபிக்கப்பட்ட உண்மை. 1971 வங்கதேசப் போரின்போது எல்லையில் இருந்த பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றத் திரவம் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை டிரம்களில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்கள் கையாலேயே குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவிகிதமாக இருந்த இறப்பு, அவருடைய பராமரிப்பில் இருந்தவர்களிடம் 4 சதவிகிதத்துக்கும் கீழே வந்தது. அவர் 2022-இல் மறைந்தார். பத்ம விபூஷண் மறுஆண்டுதான் கிடைத்தது.

'குடிச்சா வாந்தி எடுக்குறானே' என்பதற்கும் வழி வந்திருக்கிறது. எமர்ஜென்சியில் வாந்தியை நிறுத்த ஒரே ஒரு டோஸ் மருந்து கொடுத்துவிட்டு, ஓ.ஆர்.எஸ்ஸை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தால் பலருக்கும் டிரிப்ஸ் தேவைப்படுவதில்லை என்பதை 2006-இல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. அந்த மருந்தை நாமாகக் கடையில் வாங்கிக் கொடுக்கக் கூடாது. டாக்டர் அதைக் கொடுத்துவிட்டு, 'உட்கார்ந்து ஸ்பூன்ல குடுங்க, பார்க்கலாம்' என்று சொன்னால், அவர் சிகிச்சைதான் கொடுக்கிறார் என்று புரிந்துகொண்டால் போதும். சிறுநீர் போகாமல், கண் குழி விழுந்து, குடிக்கவே முடியாமல் சோர்ந்து வரும் குழந்தைக்கு டிரிப்ஸ் கட்டாயம். அது வேறு கதை.

டெங்கு சீசனில் இன்னொரு விஷயம். காய்ச்சல் விட்டவுடன் 'சரியாயிடுச்சு' என்று நிம்மதி அடைகிறோம். டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் அந்த நேரத்தில்தான் தொடங்கும். அப்போது கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறு அல்லது மூக்கில் ரத்தம், கை கால் சில்லிடுவது, அளவுக்கு மீறிய சோர்வு என்று ஏதாவது தெரிந்தால், விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

சாவிக்கொத்தும் ஐந்து நிமிடமும்

ஜன்னி. காய்ச்சலோடு வரும் வலிப்பை அப்படித்தான் சொல்வோம். 6 மாதம் முதல் 5 வயது வரை உள்ள குழந்தைகளில் 100-க்கு 2 முதல் 5 பேருக்கு வருகிறது. பார்க்கிற பெற்றோருக்கு உயிரே போய்விடும். ஆனால், பெரும்பாலானவை 5 நிமிடத்துக்குள் தானாக நின்றுவிடும்.

முன்பு வலிப்பு 30 நிமிடம் நீடித்தால்தான் 'தொடர் வலிப்பு' என்று பாடப் புத்தகங்கள் வரையறுத்தன. இப்போது 5 நிமிடம் தாண்டினாலே மருந்து கொடுத்து நிறுத்த வேண்டும் என்பது விதி. வலிப்பில் துடிக்கும் குட்டிக் கையில் நரம்பைத் தேடி ஊசி போடுவது எவ்வளவு கஷ்டம்! அந்த நேரத்தை மிச்சப்படுத்தத்தான் கன்னத்துக்கு உள்பக்கம் விடும் மருந்தும், மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயும் வந்தன. ஒருமுறை வலிப்பு வந்த குழந்தைக்கு, தேவைப்பட்டால் வீட்டிலேயே வைத்துக்கொள்ள அந்த ஸ்பிரேயை டாக்டர் எழுதித்தருகிறார். எப்போது, எத்தனை முறை அடிக்க வேண்டும் என்பதைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பதற்றத்தில் எதுவும் ஞாபகம் வராது.

நம் பக்கம் மாற வேண்டியதும் இருக்கிறது. கையில் இரும்புச் சாவி கொடுப்பது, மூக்கில் வெங்காயம் வைப்பது, பல்லுக்கு நடுவே ஸ்பூனைத் திணிப்பது. எங்கள் பாட்டி வீட்டில் சாவிக்கொத்து இதற்கென்றே கதவுக்குப் பின்னால் தொங்கும். வலிப்பு தானாக நிற்கும்போது கையில் சாவி இருந்தால், பெயர் சாவிக்குப் போய்விடுகிறது. சாவியால் பெரிய கெடுதல் இல்லை. ஸ்பூனால் பல் உடையும், மூச்சுக்குழாய் அடைக்கும். செய்ய வேண்டியது, குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்துப் பக்கத் துணியைத் தளர்த்தி, மணியைப் பார்ப்பது. வாயில் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது. பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். டாக்டருக்கு அது பெரிய உதவி.

ஒரு பாட்டில், ஓர் ஓட்டை

வீசிங் வந்தால் நெபுலைசர் வைப்பது நமக்குத் தெரிந்த சிகிச்சை. புகை வருவதைப் பார்த்தாலே மருந்து உள்ளே போகிறது என்று நம்பிக்கை. ஆஸ்துமா மூச்சிரைப்பில், இன்ஹேலரை 'ஸ்பேசர்' என்ற குழாயோடு பொருத்திக் கொடுத்தால் நெபுலைசருக்குக் குறையாத பலன் கிடைக்கிறது, குழந்தைகள் எமர்ஜென்சியில் இருக்க வேண்டிய நேரமும் குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லிவிட்டார்கள். ஸ்பேசர் வாங்க முடியாதவர்களுக்காக, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் அரை லிட்டர் குளிர்பான பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் அளவுக்கு ஓட்டை போட்டுப் பயன்படுத்திப் பார்த்தார்கள். கடையில் விற்கும் ஸ்பேசருக்கு நிகராக அது வேலை செய்தது. 1999-இல் 'லான்செட்' இதழில் வந்தது. ஆக்சிஜன் தேவைப்படும் அளவுக்கு மோசமான குழந்தைக்கு நெபுலைசர் இன்னும் வேண்டும். மற்ற நேரத்தில் டாக்டர் ஸ்பேசர் தந்தால், குறைவான சிகிச்சை என்று நினைக்க வேண்டாம்.

ஏன் இவ்வளவு தாமதம்?

ஓர் ஆய்வின் முடிவு அன்றாடச் சிகிச்சையாக மாற சராசரியாக 17 ஆண்டுகள் ஆகின்றன என்று ஒரு பழைய கணக்கு மருத்துவ உலகில் அடிக்கடி சொல்லப்படும். கேட்கும்போது கோபம் வருகிறது. டாக்டர்கள் படிப்பதில்லையா என்றால், படிக்கிறார்கள். படிப்பதற்கும் கை பழகுவதற்கும் நடுவில்தான் சிக்கல்.

அரசு மருத்துவமனையில் பயிற்சி டாக்டர்கள் வார்டு மாறிக்கொண்டே இருப்பார்கள். பயிற்சி பெற்ற நர்ஸுக்கு டிரான்ஸ்ஃபர் வரும். தனியார் மருத்துவமனையில், நன்றாகப் பழகிய நர்ஸ் கூடுதல் சம்பளத்துக்கு வேறிடம் போவார். ராத்திரி டியூட்டியில் இருப்பவர் குழந்தைகள் டாக்டராக இல்லாமல் இருக்கலாம். குழந்தைக்கான சின்ன அளவு மாஸ்க் இருக்கும், பூட்டிய அலமாரியில் இருக்கும், சாவி பகல் டியூட்டி சிஸ்டரிடம் இருக்கும்!

மாற்றத்தை எப்படிக் கொண்டுவருவது என்பதையே ஆராய்ந்தவர்கள் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இருக்கிறார்கள். கைக்குழந்தைகளுக்கு வைரஸால் வரும் மூச்சுக்குழல் அழற்சியில் எக்ஸ்ரே, ஆன்டிபயாடிக், வீசிங் மருந்து எதுவும் பொதுவாகப் பலன் தராது என்று தெரிந்தும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். 26 மருத்துவமனைகளை எடுத்து, பாதியில் வழிகாட்டுதலை வழக்கம்போல அனுப்பிவைத்தார்கள். மீதியில், அங்கேயே வேலை செய்யும் டாக்டர், நர்ஸ் சிலரைப் பொறுப்பாக்கி, அவர்கள் மூலம் மற்றவர்களுக்குச் சொல்லித்தந்து, 'போன மாதம் நாம் எத்தனை குழந்தைக்குத் தேவையில்லாமல் கொடுத்தோம்' என்ற கணக்கை அவர்களுக்கே காட்டினார்கள். 2021-இல் வந்த முடிவு: முதல் பிரிவில் 73 சதவிகிதக் குழந்தைகளுக்கு வழிகாட்டுதல்படி சிகிச்சை நடந்தது, இரண்டாவதில் 85 சதவிகிதம். சுற்றறிக்கையால் முடியாததைப் பக்கத்து மேஜைக்காரர் செய்கிறார்.

வெளிநாட்டுப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. எமர்ஜென்சியில் குழந்தையை எடை போட நேரம் இருக்காது. அதனால், நீளத்தை அளந்தே எடையை ஊகிக்கும் கலர் டேப் ஒன்றை அமெரிக்காவில் உருவாக்கினார்கள். மும்பையில் அதைச் சோதித்தபோது, 10 கிலோவுக்கு மேற்பட்ட நம் குழந்தைகளின் எடையை அது 10 சதவிகிதத்துக்கும் அதிகமாகக் கூட்டிக் காட்டுவது தெரிந்தது. குழந்தைக்கு மருந்தின் அளவே எடையை வைத்துத்தான். எடை கூடினால் டோஸும் கூடும்.

ஆகவே, உங்கள் குழந்தையின் இப்போதைய எடை உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். காய்ச்சல் சிரப்பிலும் இது முக்கியம். ஒரே பிராண்டில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் என்று ஒன்றும், 250 மில்லிகிராம் என்று இன்னொன்றும் கிடைக்கும். 'போன தடவை 5 மில்லி குடுத்தேன்' என்று பாட்டிலைப் பார்க்காமல் கொடுத்தால், இரட்டை டோஸ் ஆகிவிடலாம்.

எங்கே போவது?

ஆவடியிலிருந்து எழும்பூர் 20 கிலோமீட்டருக்கு மேல். சி.டி.எச். ரோட்டில் அம்பத்தூர் ஓ.டி., பாடி என்று தாண்டி வர வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் விடும் நேரம் என்றால் கேட்கவே வேண்டாம். எலெக்ட்ரிக் ட்ரெயின் சென்ட்ரலில் விடும், அங்கிருந்து மறுபடி ஆட்டோ. பூந்தமல்லிக்காரர்களுக்கு நெடுஞ்சாலை நேராக இருக்கிறது, அவ்வளவுதான். போகிற வழியில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆவடிக்கு மேற்கே இருப்பவர்களுக்குத் திருவள்ளூரில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 'எதுவானாலும் எழும்பூர்' என்ற பழக்கத்தில் இவை நம் நினைவுக்கே வருவதில்லை.

வலிப்பு நிற்கவில்லை, மூச்சு திணறுகிறது, உதடு நீலமாகிறது, குழந்தை துவண்டுவிட்டது என்றால் பெரிய ஆஸ்பத்திரி தேடி பைக்கில் பறக்க வேண்டாம். ஆக்சிஜனும் டாக்டரும் இருக்கும் மிக அருகிலுள்ள எமர்ஜென்சியில் முதலில் நிறுத்துங்கள். மூச்சையும் ரத்த ஓட்டத்தையும் நிலைப்படுத்திவிட்டு, அங்கிருந்து ஆம்புலன்ஸில் பெரிய இடத்துக்கு அனுப்புவதுதான் சரியான வரிசை. வாசலில் சீட்டு கேட்டால், 'குழந்தை துவண்டு போச்சு' அல்லது 'மூச்சு விட முடியலை' என்று அந்த ஒரு வரியை முதலில் சொல்லுங்கள். மூன்று நாள் கதையைப் பிறகு சொல்லலாம்.

குழந்தை நன்றாக இருக்கும் ஒரு நாளில், உங்கள் ஏரியா மருத்துவமனைகளில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி குழந்தைகள் டாக்டர் இருப்பாரா, இல்லையென்றால் போனில் கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் வருவார்? குழந்தைகளுக்கான ஐ.சி.யூ. இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே அனுப்புவார்கள்? கேட்டால் சொல்வார்கள்.

தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடும் 108 ஆம்புலன்ஸை அழைக்கும்போது, தெருப் பெயரை மட்டும் சொல்லாமல், பக்கத்தில் இருக்கும் கோயில், ரேஷன் கடை, பள்ளிக்கூடம் என்று அடையாளம் ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள். ஆவடி, திருமுல்லைவாயல் பக்கம் புதிதாக வந்த நகர்களில் ஒரே பெயரில் நாலு தெரு இருக்கும். குழந்தையின் வயதையும் எடையையும் சொல்லிவிட்டு, யாராவது ஒருவரை மெயின் ரோட்டில் நிற்க வையுங்கள்.